மடிகூடார வண்டி

வண்டியைக் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் சென்று, வழியிலே கண்ட தோப்பில் இறங்கி, உண்டு உறங்கி மீளுதல் தமிழ்நாட்டாருக்குப் புதிய வழக்கமன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் கூட்டத்தோடு சாமான் வண்டிகள் உடன் சென்றதை அறியாதார் இலர். மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருளர் மக்கள் திரளாகக் கூடி, கழிகளையும் சேலைகளையும் கொண்டு கூடாரம் சமைத்து இரவு தங்குவதை நம் மாணவர் பலர் நேரிற் கண்டிருப்பர். கிராமந்தோறும் சுற்றிவந்த மிஷனரிமார் மாட்டுவண்டியிற் கூடாரத்தை ஏற்றி, ஆங்காங்கே மரநிழலில் முகாமிட்ட செய்திகளையும் நம் கல்லூரியின் பழைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க, மடித்தால் சிறு பெட்டியாகவும் விரித்தால் அறையாகவும் ஆகும் கூடார வண்டியைப் பற்றி ஈண்டு எழுதப் புகுவது பழைய பழக்கமொன்றின் புதிய உருவத்தைப் பற்றி எழுதுவதேயாம்.

இவ்வகை வண்டியைக் கடைக்காரரும் மெக்கானிக்குகளும் டிரெய்லர் என்ற பொதுப்பெயராலேயே வழங்குவர். நாம் இதனை மடிகூடார வண்டி என்று சொல்லிக்கொள்வோம்.

இன்பப் பயணத்துக்கென்றே வீட்டு வண்டி செய்துகொண்டோருள் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர். 1885ஆம் ஆண்டில் அவர் பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலையொன்றில் இரண்டு குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரையிற் பயணஞ் செய்தார். அவ்வண்டியின் எடை ஏறத்தாழ இரண்டு டன். குதிரைகள் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மோட்டார் வண்டி பரவிய பின்னர், 1919இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் என்னும் கம்பெனியார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் பிரபுவுக்கு 1929ஆம் ஆண்டு ஆரோ பார்க்கில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவில் ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றும் அதனோடு பூட்டும் எக்கிள்ஸ் வண்டியொன்றும் பரிசாக அளிக்கப்பட்டன. இவையெல்லாம் மடங்காத வண்டிகள். சிறிய கார் வைத்திருப்போர்க்கும், வீட்டில் இடமில்லாதோர்க்கும் உதவும் பொருட்டு மடங்கும் வண்டிகள் வந்தன. 1961இல் பிரான்சு தேசத்து மாயென் நகரில் கொன்ஸ்தான் ரூசோ என்பவர் தொடங்கிய ராப்பிடோ கம்பெனி அவ்வகையாற் பெயர் பெற்றது. டென்மார்க்கு நாட்டார் கித்தான் கூடாரம் பொருந்திய மிக இலேசான வண்டிகளைச் செய்தனர். அமெரிக்கர் பெரிய குடும்பங்களுக்கேற்ப இருபுறமும் படுக்கைகள் நீண்டு விரியும் வகையைப் பெருக்கினர்.

நம் நாட்டில் இவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. கேரள அரசாங்கம் 2021இல் வீட்டு வண்டிப் பயணத்துக்கென ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆயினும் அங்கே முதன்மை பெற்றவை தாமே ஓடும் பெரிய வண்டிகளேயன்றி இழுத்துச் செல்லுபவை அல்ல. எனவே இங்கே ஒருவர் மடிகூடார வண்டி வாங்க நினைத்தால் அண்டை வீட்டாரைக் கேட்டு அறிய வழியில்லை. தவறான வண்டியை வாங்கினால் பணம் நட்டமாவதோடு, சாலையில் உயிருக்கே ஊறு நேரிடலாம். சிட்லபாக்கத்தில் வசிக்கும் யாம் சென்ற ஈராண்டுகளாக இவ்விஷயத்தை ஆராய்ந்து வந்தோம். எம் அன்னையாருக்கு முழங்கால் நோய். தரையிற் பாய் விரித்துப் படுத்தால் மீண்டும் எழ இயலாது. வழியிலுள்ள விடுதிகளின் மாடிப்படிகளும் அவருக்கு ஒவ்வா. வேடந்தாங்கலில் விடியற்காலத்திற் பறவைகள் எழும்புவதைக் காண வேண்டுமென்று அவர் பலகாலமாகச் சொல்லிவந்தார். அதற்காகவே யாம் இதிற் புகுந்தோம்.

மடிகூடார வண்டிகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, மூடியைத் திருப்பினால் கித்தான் கூடாரம் விரிந்து, படுக்கை வண்டியின் மேலும், நடமாடும் இடம் தரையின் மேலுமாக அமைவது. இது 250 முதல் 350 கிலோ வரை எடையுள்ளது. விரிக்க எளிது. முளை அடித்துக் கயிறு கட்டும் வேலை மட்டும் உண்டு. இரண்டாவது, பெட்டியின் கூரையைக் கைப்பிடி சுழற்றி உயர்த்திப் படுக்கைகளை இருபுறமும் இழுத்து விரிப்பது. சுவர் கித்தானாகவும் கூரை கெட்டியாகவும் இருக்கும். மூன்றாவது, கெட்டியான பலகைச் சுவர்களே மடிந்து எழுந்து, கூரை வீட்டின் முகடுபோல் முக்கோணமாக நிற்பது. அமெரிக்காவில் ஏலைனர் என்ற பெயரால் வழங்குவது இவ்வகையே. குளிர் நாட்டுக்கு இது மிக நன்று. நம் நாட்டிலோ, சித்திரை வைகாசி வெயிலில், சன்னல் போதாத பலகை அறை அடுப்பங்கரையினும் கொடிதாகும். குளிர்சாதனம் வைத்தால் மின்சாரம் வேண்டும், எடையும் கூடும். நாற்புறமும் வலைச்சன்னல் வைத்த கித்தான் சுவரே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதென்பது எம் துணிபு. கொசுவலை நெருக்கமாக இருத்தல் வேண்டுமென்பதைச் சிட்லபாக்கத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முதியோர் உளரேல் படுக்கையின் உயரத்தை அளத்தல் வேண்டும். முதல்வகையிற் படுக்கை இடுப்பளவு உயரத்தில் அமைவதால் ஏறுவதற்குச் சிறுபடி வேண்டும். படியில் ஏறமாட்டாதார் இரண்டாம் வகையில், நடுவிலுள்ள மேசையைத் தாழ்த்திச் செய்யும் படுக்கையிற் படுக்கலாம். எம் அன்னையாரைக் கொண்டே யாம் இதனைச் சோதித்தோம். விளம்பரப் படங்களிற் சிரித்துக்கொண்டு ஏறும் இளைஞரைப் பார்த்து முடிவு செய்தல் பேதைமை.

இனி எடையைப் பற்றிப் பேசுவோம். வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, கூடார வண்டியின் எடை என்ன என்பதன்று. தம் கார் எவ்வளவு இழுக்கும் என்பதே. காரோடு கொடுத்த கைப்புத்தகத்தில் அவ்வெடை குறிக்கப்பட்டிருந்தால் அதனை மீறலாகாது. ஒன்றுமே குறிக்கப்படவில்லையென்றாலும், இழுக்கலாகாது என்று எழுதியிருந்தாலும், அக்காரால் இழுத்தல் தகாது. கொக்கி மாட்டித் தருவோம் என்று சொல்லும் பட்டறைக்காரர் காரின் சட்டத்துக்கும் கியருக்கும் உத்தரவாதம் தருவாரல்லர். பிரித்தானிய நாட்டிற் பிரேக்கு இல்லாத இழுவண்டி, சாமானோடு சேர்த்து 750 கிலோவுக்கும், காரின் எடையிற் பாதிக்கும் மேற்படலாகாதென்பது சட்டம். பிரேக்கு உள்ளதாயினும், பழக்கமில்லாதவர் இழுப்பது காரின் எடையில் 85 சதவிகிதத்துக்கு உட்பட்டிருத்தல் நன்றென்று அந்நாட்டுச் சங்கத்தார் அறிவுரை கூறுகின்றனர். 850 கிலோ எடையுள்ள சிறுகாருக்கு இம்முறைப்படி பிரேக்கில்லாத வண்டி 425 கிலோவுக்குள் அடங்க வேண்டும். வண்டி 300 கிலோ என்றால் சாமானுக்கு 125 கிலோ எஞ்சும். அது நிறையவென்று தோன்றும். ஆனால் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு 40 கிலோ; சமையல் வாயு உருளை, அடுப்பு, பாத்திரம், மெத்தை, மேசை நாற்காலி, மாற்றுச் சக்கரம் இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் எஞ்சுவது சிறிதே. தண்ணீரை இறங்குமிடத்திற் பிடித்துக்கொள்ளுதல் நல்ல உபாயம்.

எடையினும் முக்கியமானது பாரத்தின் சமன். இதனை நம் வண்டிக்காரர் மோட்டார் வருமுன்னரே நன்கறிவர். பாரவண்டியில் மூட்டைகளைப் பின்னுக்கு ஏற்றினால் பின்பாரமாகி, ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னுக்கு ஏற்றினால் முன்பாரமாகி, நுகத்தடி கழுத்தை அழுத்தும். இரண்டுமின்றி, சிறிதளவு மட்டும் முன்பாரம் இருக்குமாறு ஏற்றுபவனே கைதேர்ந்த வண்டிக்காரன். மோட்டாருக்கும் இழுவண்டிக்கும் உள்ள உறவும் இஃதே. இங்கே நுகத்தடிக்குப் பதிலாகக் காரின் பின்னே 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டு இருக்கிறது. ஏர்க்காலின் முனையிலுள்ள கிண்ணம் அதன்மேற் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அக்குண்டின் மேல் இறங்கும் எடை, இழுவண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம் வரை இருக்க வேண்டுமென்பது ஐரோப்பியர் கணக்கு. அமெரிக்கர் 10 முதல் 15 சதவிகிதம் என்பர். அவர் கார்களும் வண்டிகளும் பெரியவை. எக்கணக்காயினும், காரின் கைப்புத்தகம் குண்டுக்கென வகுத்த வரம்பை மீறலாகாது.

இதனைப் புறக்கணித்தால் விளைவதென்ன என்பதை யாம் அனுபவத்தில் அறிந்தோம். எம் நண்பரொருவர் 350 கிலோ எடையுள்ள மடிகூடார வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அதனை இழுக்கத்தக்க பெரிய காரும் அவரிடம் உண்டு. சென்ற தை மாதத்தில் இரு குடும்பத்தாரும் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம். சாமான் ஏற்றும் பொறுப்பு எம்முடையது. தண்ணீர்க் கேன் இரண்டையும், எடுக்க எளிதாக இருக்குமென்று, வண்டியின் பின்கோடியில் வைத்தோம். வண்டலூர், சிங்கப்பெருமாள் கோயில் வரை ஒன்றும் தெரியவில்லை. செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் சாலை விரிந்து வேகம் கூடியதும், இழுவண்டி பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கிற்று. காரின் பின்புறத்தையே அது அசைத்தது. பின் இருக்கையில் இருந்த எம் அன்னையார் வாய்விட்டு அலறினார். நண்பர் பிரேக்கை மிதிக்காமல், திருப்பு சக்கரத்தை நேரே பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வேகம் தணியத் தணிய ஆட்டமும் தணிந்தது. அச்சமயத்தில் பிரேக்கை அழுத்தியிருந்தாலும், ஆட்டத்தைத் திருத்தவென்று சக்கரத்தை மாறி மாறித் திருப்பியிருந்தாலும், வண்டி குறுக்கே மடங்கிக் காரையும் கவிழ்த்திருக்கும்.

சாலையோரத்தில் நிறுத்திக் கணக்குப் பார்த்தோம். அச்சிலிருந்து குண்டு வரையுள்ள நீளம் 2.4 மீட்டர். கேன்கள் இருந்த இடம் அச்சுக்குப் பின்னே 1.2 மீட்டர். நாற்பது கிலோவை 1.2ஆற் பெருக்கி 2.4ஆல் வகுத்தால் 20 கிலோ. அஃதாவது, குண்டின் மேல் இயல்பாக இறங்கிய 25 கிலோவில் 20 கிலோவை அக்கேன்கள் தூக்கிவிட்டன. எஞ்சியது 5 கிலோ. மொத்த எடை 390 கிலோவாகையால் அது ஒன்றேகால் சதவிகிதம் போலாகும். கேன்களை அச்சின் நேர்மேலே நகர்த்தி வைத்தபோது மீண்டும் 25 கிலோவாயிற்று; ஆறு சதவிகிதத்துக்குச் சற்று மேல். அதன்பின் வழியெல்லாம் வண்டி அடங்கி வந்தது. பௌதிக வகுப்பில் நெம்புகோலைப் பற்றிப் படித்ததை மறந்தவர் எம்மைப்போல் பாலாற்றங்கரையில் மீண்டும் படிக்க நேரிடும். இப்போது புறப்படுமுன், வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின்மேல் மரக்கட்டையொன்றை நிறுத்தி, ஏர்க்காலின் முனையைக் கார்க்குண்டின் உயரத்திற்கே அதன்மேல் இறக்கி நிறுத்துப் பார்க்கிறோம். ஐந்து நிமிஷ வேலை.

வேகமும் இவ்வாட்டத்துக்குத் துணை. மடிகூடார வண்டி காரினும் தாழ்ந்து அதன் நிழலில் வருவதால் காற்றின் தடை குறைவு. ஆயினும் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாகலின், மணிக்கு 60 கிலோமீட்டரில் உள்ள தடை 80இல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகும். பக்கத்தில் விரைந்து செல்லும் பஸ்ஸின் காற்றும் இழுவண்டியைத் தள்ளும். யாம் 60க்கு மேற் போவதில்லை.

மலைப்பாதையிற் பிரேக்கே உயிர். பிரேக்கு இல்லாத இழுவண்டி இறக்கத்தில் காரைப் பின்னிருந்து தள்ளும். அப்பாரம் முழுவதையும் காரின் பிரேக்குகளே தாங்க வேண்டும். இடைவிடாது மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே கீழ்க் கியரில் இறங்க வேண்டும். சிலவற்றில் அமைந்துள்ள தள்ளு பிரேக்கு நயமான ஏற்பாடு. கார் வேகங் குறையும்போது இழுவண்டி முன்னே தள்ளுமல்லவா? அத்தள்ளலே ஏர்க்காலிலுள்ள தண்டை உள்ளே அழுத்தி, கம்பியை இழுத்து, இழுவண்டியின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும். ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளைத் தள்ளு பிரேக்குள்ள இலேசான வண்டியோடு நிதானமாக ஏறி இறங்கலாம் என்று எண்ணுகிறோம். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு எவ்வண்டியையும் இழுத்துச் செல்லுமாறு எவர்க்கும் யாம் சொல்லமாட்டோம். பிரேக்கு இருப்பினும் இல்லாவிடினும், கொக்கி கழன்றால் வண்டி தனியே ஓடாதபடி பிடிக்கும் சங்கிலி இருத்தல் இன்றியமையாதது.

அடுத்தது கித்தான். பருத்தியும் செயற்கை நூலும் கலந்து நெய்த துணி காற்றை ஓரளவு புகவிடும், வெப்பத்துக்கும் ஏற்றது. ஆனால் நனைந்தபடி மடித்து வைத்தால் மூன்றாம் நாளே பூஞ்சணம் பூக்கும், பூத்த கறை போகாது, நாற்றமும் போகாது. ஐப்பசி கார்த்திகையில் மழைக்குத் தப்பிப் பயணம் செய்தல் அரிது. ஆதலால் வீடு திரும்பியதும் மறுநாளே விரித்து உலர்த்த வேண்டும். எங்கே விரிப்பது? மடித்த வண்டிக்குக் கார் நிறுத்தும் இடம் போதும். விரித்த கூடாரத்துக்கோ அதனினும் இருமடங்கு மும்மடங்கு நிலம் வேண்டும். சிட்லபாக்கத்தில் அடுக்குமாடியில் வசிப்போருக்கு அவ்வளவு வெற்றிடம் ஏது? உலர்த்த இடமில்லாதவர் இவ்வண்டி வாங்க வேண்டாம் என்பதே எம் முடிவான அபிப்பிராயம். இதனை விற்பவர் சொல்லமாட்டார்.

நிறுத்தி வைக்கும் இடத்தைப் பற்றியும் நம் பகுதியார் ஆழ்ந்து நினைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பித் தெருக்களெல்லாம் ஆறாயின. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்ந்த தெருக்களில் நீர் புகுதல் அவ்வாண்டோடு நின்றதன்று. இழுவண்டியின் சக்கரக் குடத்தினுள் உள்ள பேரிங்குகள் நீரில் மூழ்கினால் கிரீஸ் கெட்டுத் துருப்பிடிக்கும். பின் சாலையிற் சூடேறிச் சக்கரமே கழலும். பெட்டியின் அடிப்பலகை நீர் குடித்து உப்பும். மேட்டுநிலம் இல்லையேல், மழைக்காலத்தில் வேறெங்கேனும் நிறுத்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சட்டத்தை மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இழுவண்டியையும் பதிவு செய்யவேண்டிய வண்டியாகவே கொள்ளுகிறது. அதற்குரிய எண் அதன் பக்கத்திலும், இழுக்கும் காரின் எண் அதன் பின்புறத்திலும் தெரிய வேண்டும். பணம் கொடுக்குமுன், செய்தவர் தரும் தாள்களின் நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் காட்டி, பதிவாகுமா எனக் கேட்டறிதல் தக்கது. வெல்டிங் பட்டறையில் மலிவாக அடித்துத் தரப்படும் வண்டியை வாங்கிவிட்டுப் பின்னர் அலைவோர் உளர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியாரிடமும் எழுத்தாற் கேட்டுப் பெறுக. ஓடும்போது இழுவண்டிக்குள் ஒருவரும் இருத்தலாகாது. குழந்தைகள் கெஞ்சினாலும் இடங்கொடேல்.

பழைய வண்டி வாங்குவோர் டயரின் தேய்மானத்தைப் பார்த்து ஏமாறற்க. இவ்வண்டிகள் ஆண்டில் பத்து நாளே ஓடுவதால் டயர் தேயாமலே மூப்படைந்து வெடிக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். அடிப்பலகையின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கூடாரத்தை விரித்து, தோட்டக் குழாயால் நீர் பாய்ச்சி, தையல்களில் ஒழுகுகிறதா எனக் காணலாம். எல்லாவற்றினும் மேலாக, தாமும் தம் மனைவியாரும் மட்டுமே நின்று ஒருமுறை விரித்து மடித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் கை பழகிய கை.

தங்குமிடத்துக்கு நம் நாட்டில் இன்னும் தனியேற்பாடு குறைவு. காப்புக் காடுகளில் அனுமதியின்றி இரவு தங்குதல் குற்றம். ஏரிக்கரைகளும் அரசாங்கத்தின் நிலமே. தென்னந்தோப்பு உடையாரிடம் முன்னரே கேட்டுக்கொண்டு, கிணற்றுநீரும் கழிப்பிடமும் உள்ள இடத்தில் இறங்குவதே எமக்கு நேர்ந்த நல்வழி. வேடந்தாங்கலுக்கு அருகே அவ்வாறு ஒரு தோப்பில் இரண்டு இரவு தங்கினோம். அன்னையார் மேசைப் படுக்கையிற் படுத்து, விடியுமுன் எம்மை எழுப்பினார்.

எம் சிறுகாரின் கைப்புத்தகத்திலோ இழுவண்டி பூட்டலாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வண்டி வாங்குவதாயின் காரையும் மாற்ற வேண்டும். அச்செலவு கூடார வண்டியின் விலையினும் பெரிது. ஆகவே வாங்கும் எண்ணத்தை விட்டு, நண்பருடைய வண்டியின் பராமரிப்புச் செலவிற் பாதியை ஏற்றுக்கொண்டு, ஆண்டில் இருமுறை இரு குடும்பமும் சேர்ந்து செல்வதென்று பேசி முடித்தோம். வண்டி அவர் வீட்டு மேட்டில் நிற்கிறது. எமக்கு இன்னும் கைவராதது பின்னோக்கி ஓட்டுதல் ஒன்றே. இழுவண்டியை வலப்புறம் செலுத்தத் திருப்பு சக்கரத்தை இடப்புறம் திருப்ப வேண்டியிருப்பதால், மூளை ஒன்று சொல்லக் கை ஒன்று செய்கிறது. விடுமுறை நாளில் வெற்று மைதானமொன்றில் நான்கு செங்கற்களை நட்டுப் பழகி வருகிறோம். இதுவரை இரண்டு செங்கல் உடைந்தன.